மிச்சமிருந்த ஐந்து குச்சிகள்

தட்டில் ஐம்பத்தைந்து குச்சிகள் கிடந்தன. மீதி ஐந்து குருவம்மாளின் கையில் இருந்தன. ஆளுக்கு ஐந்து, பன்னிரண்டு பேருக்கு அறுபது. காலையில், கூட்டத்தை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த கிருபாகரன் சார் பிரித்துக் கொடுக்கும்போதே அவள் மனசுக்குள் பெருக்கிவைத்துக்கொண்டாள். பேசுகிறவர் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு குச்சியை நடுவில் இருக்கிற சாப்பாட்டுத் தட்டில் போட வேண்டும். குச்சி தீர்ந்தவர், எல்லாருடைய குச்சியும் தீருகிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. கேட்டபோது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. இப்போது பதினோரு பேரும் பேசி முடித்து, பதினோரு வாயும் மூடி, அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் பேசினால்தான் அடுத்து யாரும் பேச முடியும். அவள் நடத்துகிற ஒத்தப்புளிப்பட்டி மாலைப் பள்ளியை மூடுவதா வேண்டாமா என்கிற முடிவு அவள் உள்ளங்கை வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. "அவசரம் இல்லம்மா. நாங்க காத்திருக்கோம்" என்று கிருபாகரன் சார் சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்திரண்டு.

காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு இவர் உண்மையாகவே காத்திருக்கிறாரே, அதுதான் அவளுக்குப் புரியவில்லை. வழக்கமாக அப்படிச் சொல்கிறவர்கள் நாலு எண்ணுவதற்குள் அடுத்த ஆளைக் கேட்டுவிடுவார்கள், சரி சரி அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்று யாராவது சிரிப்பார்கள், அவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்துவந்திருக்கிறது. இவர் ஃபோனைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் வட்டமாகப் போட்ட பதிமூன்று நாற்காலிகளில் அவருடையதும் ஒன்று. மேடையும் மைக்கும் வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டார். பதிமூன்று நாற்காலிக்கு ஐம்பத்திரண்டு கால். ஐம்பத்திரண்டு என்றதும் அவள் விரல்கள் குச்சிகளைப் புரட்டின. தீக்குச்சி அடுக்குகிற பலகை ஐம்பத்திரண்டு சேர்ந்தால் ஒரு கட்டை, பலகைக்கு ஐம்பது பள்ளம், பள்ளத்துக்கு ஒரு குச்சி, ஆக ஒரு கட்டை அடுக்கினால் இரண்டாயிரத்து அறுநூறு. ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனபோது அவளுக்குப் பெருக்கல் தெரியாது, ஆனால் இந்தத் தொகை தெரியும். காலையில் சார் தீப்பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஐந்தாக எண்ணிக் கொடுத்தபோது ஜெயக்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். "சார், தீப்பெட்டி ஊர்ல வந்து எங்க கையில தீக்குச்சியக் குடுக்கீகளே, கட்டைக்கு என்ன கூலி?" ஹால் முழுக்கச் சிரித்தது. சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் மாலைப் பள்ளி டிரஸ்டை நடத்துகிற ஞானசௌந்தரி டீச்சரையும் சேர்மக்கனியையும் தவிர மீதிப் பத்துப் பேரின் கையும் ஒன்றுபோல ஒரு காரியம் செய்துவிட்டது. குச்சிகளை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, மருந்துத் தலையெல்லாம் ஒரே பக்கம் வருகிற மாதிரி நிரவிப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் நினைத்துச் செய்யவில்லை. "எல்லாரும் ஒண்ணு போலப் பண்றீங்களே, என்னம்மா அது?" என்றார் சார். டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார்: "இவங்க பத்துப் பேரும் பத்து வயசுக்குள்ள தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க சார்." அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "மன்னிச்சுக்கோங்கம்மா. யோசிக்காம செஞ்சுட்டேன். புளியங்கொட்டை வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தேவிட்டார். "இருக்கட்டும் சார், புளியங்கொட்டையக் கண்டா எனக்குத் தாயம் ஆடத்தான் தோணும்" என்று ஜெயக்கொடி அவரை உட்காரவைத்தாள். தப்பு செய்துவிட்டு அதைப் பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொண்ட ஆம்பிளையைக் குருவம்மாள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்? எண்ணிப் பார்த்தாள். இவரோடு இரண்டு. இன்னொருவர் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு ஹால்டிக்கெட்டை மாற்றிக் கொடுத்த கிளார்க்.

அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார். மன்னிச்சுக்கோங்கம்மா, யோசிக்காம செஞ்சுட்டேன். மூன்று மூச்சு. அவளுக்கும் அந்த மூன்று மூச்சுதான் வேண்டும். நேற்று மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், சேர்மக்கனி கம்ப்யூட்டரைப் போட்டுச் சுவரில் படம் காட்டினாள். டிரஸ்டின் ஐந்து மாலைப் பள்ளிகளும் ஐந்து தூணாக நின்றன, நீலம், பச்சை, மஞ்சள், ஊதா. கடைசியில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் அளவுக்கு ஒத்தப்புளிப்பட்டி. முப்பத்தொன்று, இருபத்தேழு, இருபத்துநாலு, பத்தொன்பது, ஒன்பது. சேர்மக்கனி நல்ல பிள்ளை, டீச்சருக்குப் பிறகு பொறுப்புக்கு வரப்போகிறவள், எதையும் யார் மனசும் நோகாமல் சொல்லத் தெரிந்தவள். "சராசரி பதினஞ்சுக்குக் கீழ போனா மூடுறதுன்னு நாமளே போட்ட விதிதான்" என்றாள். "படிக்க வாரவுங்க இல்லாத ஊர்ல கட்டடத்தத் திறந்து வச்சிருக்கிறத விட, பள்ளிக்கூடமே இல்லாத ஊருக்குப் போகலாம்ல?" அதுவும் நியாயம்தான். யாரோ, அது மூன்றாவது மையத்துச் செல்லக்கிளி, வருகைப் பதிவு சரியாகப் போட்டிருக்குமா என்று கேட்டாள். அப்போதுதான் டீச்சர் சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னார். "மத்த யார் கொடுத்த எண்ணா இருந்தாலும் இன்னொரு தடவை போய்ப் பாருன்னு சொல்லியிருப்பேன். இது குருவம்மா எண்ணி எழுதினது. குருவம்மா கணக்குன்னா கணக்குதான்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பன்னிரண்டு பேர் கூட்டத்தில், வெளியூரில் இருந்து வந்த ஒரு சார் முன்னால், டீச்சர் வாயால். வேறு ஒரு நாளாக இருந்தால் அந்தச் சொல்லைப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாசம் வைத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருப்பாள். நேற்று அது நெருஞ்சிமுள் மாதிரி காலில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

ஏனென்றால் ஒத்தப்புளிப்பட்டியில் ஒன்பது பேர் இல்லை. இருபத்தாறு பேர். ஆறரைக்கு மணி அடித்ததும் அவள் பதிவேட்டைத் திறப்பாள், பேர் கூப்பிடுவாள், ஒன்பது பேர் உள்ளேன் சொல்வார்கள், ஒன்பது என்று சிவப்பு மையில் தொகை போட்டுப் பதிவேட்டை மூடிப் பீரோவில் வைத்துப் பூட்டுவாள். அதற்குப் பிறகுதான், ஏழு ஏழேகாலுக்கு, ஊர் முக்கில் வேன் நிற்கிற சத்தம் கேட்கும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வரை வேன் ஆறு மணிக்கு வரும். தீப்பெட்டி ஆபீசில் நேரத்தை மாற்றினார்கள், வேனும் மாறியது, அவளுடைய மணி மட்டும் மாறவில்லை. இறங்கினவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வருவார்கள். வாசலில் செருப்பு விடும்போதே மருந்து வாசம் உள்ளே வந்துவிடும். வெள்ளத்தாய், சண்முகத்தாய், கோப்பம்மாள், கிணற்றடி மாரியம்மாள், மேலத்தெரு மாரியம்மாள், பொன்னுத்தாய், பொன்னுத்தாயின் மகள் முனீஸ்வரி, ராக்கம்மாள், எட்டு. சீதாலட்சுமி, அழகுத்தாய், பேச்சியம்மாள், காளீஸ்வரி, செவத்தம்மாள், பாண்டியம்மாள், சங்கரேஸ்வரி, வீரலட்சுமி, பதினாறு. பதினேழாவது, வாசல்படிக்குப் பக்கத்தில், லைட் வெளிச்சம் பாதி விழுகிற இடத்தில் உட்காருகிற பிள்ளை. அவள் பேர். நேற்று முதல் நூறு தடவை எண்ணியாயிற்று, பதினாறோடு நின்றுவிடுகிறது. எந்தத் தெருவுக்கோ மருமகளாக வந்தவள், நாலு மாசமாக வருகிறாள், ஒரு கையில் மட்டும் கண்ணாடி வளையல் போட்டிருப்பாள், எழுத்தை மேலிருந்து தொடங்காமல் கீழிருந்து தொடங்குவாள், எட்டரை ஆனதும் முதல் ஆளாக எழுந்து போய்விடுவாள். வாம்மா என்றால் வருவாள், எழுதும்மா என்றால் எழுதுவாள். பேர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரவில்லை. யாரையும் அவள் வெளியே நிறுத்தினதில்லை, எல்லாருக்கும் பாடம் உண்டு, சிலேட்டு உண்டு, பதிவேட்டில் மட்டும் இடம் இல்லை. அது நேரத்துக்கு வந்தவர்களுக்கு. வெள்ளத்தாய் ஒரு தடவை கேட்டேவிட்டாள். "யக்கா, என் பேர எப்பக்கா கூப்பிடுவ?" "ஆறரைக்கு வா, கூப்பிடுறேன்." "அத அந்த வேன்காரன்கிட்ட நீயே சொல்லிரு." பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள், குருவம்மாளும் சிரித்தாள், சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பீரோவைத் திறக்க ஒரு நிமிஷம், பேரை எழுத ஒரு நிமிஷம். விட்டுவிட்டாள். ஒன்றரை வருஷம், வாரத்துக்கு ஐந்து நாள், ஞாயிறும் வியாழனும் போக, பண்டிகை கழித்து, சுமார் முந்நூற்றைம்பது நாள், நாளுக்குப் பதினேழு பேர் என்றே வைத்துக்கொண்டால்கூட. வேண்டாம், அதைப் பெருக்க வேண்டாம்.

ஜெயக்கொடி இருமினாள். பதினொன்று முப்பத்துமூன்று. ஜெயக்கொடியின் குச்சிகள் முதல் கால் மணி நேரத்திலேயே தீர்ந்துவிட்டன. ஒன்றை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பளம் உண்டா என்று கேட்கவே செலவழித்தாள். விதி என்றால் விதிதான் என்று சார் அதையும் தட்டில் போடச் சொன்னார். பிறகு ஒரு மணி நேரமாக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பாவம், நடுவில் குனிந்து குருவம்மாளின் காதில் "நீ சேத்து வச்சு என்ன செய்யப்போற, எனக்கு ஒண்ணு தாக்கா" என்று கெஞ்சினாள், சார் சிரித்துக்கொண்டே விரலை ஆட்டினார். இப்போது கண்ணால் கேட்கிறாள். என்னத்த யோசிக்க, வேண்டாம்னு சொல்லு, இல்ல வேணும்னு சொல்லு, சாம்பார் ஆறிட்டு இருக்கு. கீழே சமையற்கட்டிலிருந்து பெருங்காய வாசம் ஏறிவந்தது. வேண்டாம் என்று சொன்னால் போதும். மூட வேண்டாம் டீச்சர், நாலு வார்த்தைக்குள். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். ஒன்பது பேருக்கு ஒரு மையமா என்று கேட்பார்கள். அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும், என் எண் தப்பு என்று. அல்லது ஐந்து குச்சியையும் ஐந்து சரி என்று போட்டுவிடலாம். சரி, சரி, சரி, சரி, சரி. முடிந்தது. சேர்மக்கனி அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறாள். காலையில் தன் நாலாவது குச்சியைப் போட்டுச் சொன்னாள்: "மையத்த மூடுனாலும் குருவம்மாக்காவ நம்ம டிரஸ்ட் ஆபீசுக்கு எடுத்துக்கலாம். எல்லா ஊர்ப் பதிவேட்டையும் அவுக பாத்தாகன்னா ஒரு பிசகு வராது." பிசகு வராது. ஆபீசில் ஃபேன் உண்டு, முழங்கால் வலியோடு பஸ் ஏறி இறங்க வேண்டாம், அவளுக்கென்று ஒரு மேசை. மேசை என்றதும் அவளுக்கு நிஜமாகவே ஆசை வந்தது, அதை ஒளிக்க முடியாது. அறுபத்தொரு வயதுக்கு அவளுக்கென்று ஒரு மேசை இருந்ததில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் தப்பைச் சிவப்பு மையில் சுழிப்பாள். ஏழேகாலுக்கு ஒத்தப்புளிப்பட்டி முக்கில் வேன் நிற்கும். பூட்டின கதவுக்கு முன்னால் பதினேழு ஜோடிச் செருப்பு வந்து நின்று, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போகும். அந்த வளையல் பிள்ளை யாரிடமும் ஒன்றும் கேட்காமல் முதல் ஆளாகத் திரும்பிப் போவாள்.

அவள் பதிவேட்டுக்குச் சிவப்பு மை வந்த கதை டீச்சருக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அவளுக்கு நாள் கிழமையோடு இருக்கிறது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அவள் பள்ளியை நடத்தத் தொடங்கின முதல் மாசம், மூன்றாவது செவ்வாய். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே பள்ளியில் கடைசி வரிசையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தவள்தான். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவளை, இருபத்தெட்டு வயதில், எங்கே வாசி பார்க்கலாம் என்று டீச்சர் எழுப்பினார். வாசிக்க வரவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. டீச்சர் புத்தகத்தை மூடவில்லை, அடுத்தவளைக் கூப்பிடவில்லை, நின்றார். அன்றைக்கும் யாரோ ஒருவர் காத்திருந்தார் என்பதை இப்போதுதான், இந்த நாற்காலியில், நினைத்துப் பார்க்கிறாள். ஆக வாழ்க்கையில் இரண்டு தடவை. பிறகு அந்த டீச்சரே அவளை நம்பி ஒரு பள்ளியைக் கொடுத்தார். கையில் புதுப் பதிவேடு. மாரித்தாய் என்று ஒருத்தி, நாளைக்குக் கட்டாயம் வந்துருவேன் அக்கா என்று சத்தியம் பண்ணினாள், குருவம்மாள் அந்தச் சந்தோஷத்தில் முந்தின நாளே பேரை எழுதி உள்ளேன் போட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை டீச்சர் சொல்லாமல் வந்து தலை எண்ணினார். பதினாலு தலை, பதிவேட்டில் பதினைந்து. டீச்சர் திட்டவில்லை. கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்து மாரித்தாயின் பேர்மேல் ஒரு கோடு போட்டார். "இல்லாத ஆளை எழுதக் கூடாது குருவம்மா. ஒரு ஆள் பொய்யா இருந்தா மத்த பதினாலு பேரும் பொய்யாயிடுவாங்க." போகும்போது அந்தப் பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் எழுதின ஒவ்வொரு பேரும் கண்ணால் பார்த்த பேர், மணி அடிக்கும்போது தரையில் உட்கார்ந்திருந்த பேர். அந்தக் கோட்டுக்கு அவள் நன்றியோடுதான் இருந்தாள். அதனால்தான் இன்றைக்கு ஊரில் நாலு பேர் அவள் சொன்னால் நம்புகிறார்கள், பால் சொசைட்டியில் ரேஷன் கடையில் எங்கே சண்டை வந்தாலும் குருவம்மாளைக் கூப்பிடு என்கிறார்கள். நன்றி இப்போதும் குறையவில்லை. ஆனால் இல்லாத ஆளை எழுதக் கூடாது என்று சொன்ன டீச்சர், இருக்கிற ஆளை விடலாம் என்று சொல்லவில்லையே. அதை அவளாக, பயந்து பயந்து, இறுக்கி இறுக்கி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினொன்று முப்பத்தைந்து. சார் இன்னும் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் அவளை முறைத்துப் பார்க்கவும் இல்லை, வேறெங்கோ பார்க்கவும் இல்லை. குளத்தில் குடத்தை முக்கிவிட்டு நிறைகிற வரைக்கும் நிற்கிற பொம்பிளை மாதிரி இருந்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். எழுபத்துநாலு வயது, விரல் நடுங்கியது. இந்த விரலுக்கு முன்னால் எப்படிச் சொல்வது. சிறு பிள்ளையில் தீப்பெட்டி ஆபீசில் கையில் குச்சி வந்தால் சீக்கிரம் சீக்கிரம் அதைத் தொலைக்க வேண்டும், அடுத்த பள்ளம் அடுத்த பள்ளம் என்று கண்காணி பின்னால் நிற்பான். இந்த ஐந்து குச்சியை வைத்துக்கொண்டு மூன்று நிமிஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், ஒருவரும் அவளை விரட்டவில்லை. அதை நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிற்று, என்ன இது இந்த நேரத்தில் என்று வெட்கமாக இருந்தது, வெட்கத்தில் எழுந்துவிட்டாள். எழுந்தவள் உட்கார முடியாதே. நடந்து போய்த் தட்டில் ஒரு குச்சியைப் போட்டாள். டிக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

"என் கணக்கு தப்பு" என்றாள்.

ஹாலில் எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. சேர்மக்கனி வாயைத் திறந்து, சாரைப் பார்த்து, மூடிக்கொண்டாள். யாரும் பேச முடியாது. அதைக் குருவம்மாள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. திட்டவும் முடியாது, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவும் முடியாது, அழாதே என்று சொல்லவும் முடியாது. மீதி நாலும் தட்டில் விழுகிற வரைக்கும் இந்த ஹால் அவளுடையது. ஜெயக்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதைப் போட்டாள். "ஆறரைக்கு ஒம்போது பேர்தான். அது நெசம். ஏழேகாலுக்கு வேன் வரும், அதுல பதினேழு பேர் வருவாக. எட்டரை வரைக்கும் இருந்து படிக்காக. மொத்தம் இருவத்தாறு. நான் எழுதல."

மூன்றாவது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து, ஊதி, தட்டில் வைத்தாள். "எழுதாததுக்கு வேற யாரும் காரணமில்ல. நேரத்துக்கு வராத ஆள எழுதுனா என் பதிவேடு அசிங்கமாயிரும்னு நெனச்சேன். அதுக பேரு இல்லாம கஷ்டப்படுதுகளேன்னு நெனைக்கல." டீச்சரைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கோங்க. யோசிக்காம செஞ்சுட்டேன்." சாரின் வார்த்தைதான், அப்படியே வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொண்ட மாதிரி தலையைத் தாழ்த்தினார்.

நாலாவது. "ஆபீஸ் வேலைக்கு நான் லாயக்கில்ல சேர்மக்கனி. நீ என்னைய நெனச்சதுக்கு ரொம்ப சந்தோஷம்மா. நெசமாத்தான் சொல்றேன். ஆனா வேண்டாம்." மேசை போயிற்று. போகட்டும் என்று சொல்லிக்கொண்டாள், ஆசை மட்டும் போகவில்லை, அதுவும் நிஜம்தான்.

ஐந்தாவது குச்சி கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது. இதைப் போடாமல் வைத்துக்கொண்டால் இன்றைக்கு முழுக்க யாரும் அவளை ஒன்றும் கேட்க முடியாது. இதைப் போட்டால் டீச்சர் பேசுவார். டீச்சர் என்ன சொல்வார். குருவம்மா கணக்குன்னா கணக்குதான் என்று நேற்றுச் சொன்ன வாய். அந்தச் சொல்லை இனி அவளிடம் யாரும் சொல்லப்போவதில்லை. அது முடிந்தது, ஒரு நாள் இருந்தது, அதற்கும் நன்றி. கடைசியாக எதற்காவது மன்னிப்புக் கேட்க வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா, முடிவு உங்கள் இஷ்டம் என்று சொல்ல வேண்டுமா என்று மூன்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எதுவும் வேண்டாம் என்று பட்டது. குச்சியைத் தட்டில் போட்டாள்.

"இன்னைக்கு ஆறரைக்கு மணி அடிக்க மாட்டேன்" என்றாள். "ஏழேகாலுக்கு அடிப்பேன்."

யாரிடமும் கேட்காமல் அவள் ஒரு காரியத்தை முடிவு செய்தது அதுதான் முதல் தடவை என்று நாற்காலிக்குத் திரும்பின பிறகுதான் உறைத்தது. அறுபது குச்சிகளும் தட்டில் இருந்தன. கிருபாகரன் சார் எழுந்து, ஒன்றும் பாராட்டாமல், ஒன்றும் விளக்காமல், தட்டை எடுத்து மறுபடியும் ஆளுக்கு ஐந்தாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஜெயக்கொடி வாங்கின கையோடு ஒன்றை நீட்டினாள். "பொறுங்கம்மா" என்றார் சார். அவர் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் தன் குச்சிகளை வாங்கி முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். காலையில் பத்துப் பேர் செய்ததைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். தலைகள் சரியாக நிரவவில்லை. ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார்.

"பதிவேடு கையில இருக்கா?"

குருவம்மாள் துணிப்பையிலிருந்து பதிவேட்டை எடுத்துக் கொண்டுபோய் நீட்டினாள். சிவப்புப் பேனாவையும் கூடவே நீட்டினாள். டீச்சர் அதை வாங்கவில்லை. தன் கைப்பையில் துழாவி ஒரு நீலப் பேனாவை எடுத்தார், மடியில் பதிவேட்டை விரித்து, ஒன்பதாவது பேருக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்த இடத்தைக் கையால் தடவினார்.

"சின்னப் பிள்ளையில நான்தான் உன்னை வாசிக்கச் சொன்னேன். இப்ப நீ சொல்லு, நான் எழுதறேன்."

குரலில் கோபம் இருந்ததா என்று குருவம்மாள் தேடினாள். கொஞ்சம் இருந்தது. இல்லை என்றால் நம்பியிருக்க மாட்டாள். இருபத்தெட்டு வயதைச் சின்னப் பிள்ளை என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் மிச்சம் இருக்கிறதே என்று இன்னொரு பக்கம் நெஞ்சு நிறைந்தது. வெள்ளத்தாய் என்றாள். டீச்சர் எழுதினார். நடுங்கின விரல் பேனாவைப் பிடித்ததும் நடுங்கவில்லை. சண்முகத்தாய். கோப்பம்மாள். மாரியம்மாள், கிணற்றடி. மாரியம்மாள், மேலத்தெரு. ஒவ்வொரு பேருக்கும் டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார், எதிரில் அந்த ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பொன்னுத்தாய், முனீஸ்வரி, ராக்கம்மாள். ஹாலில் யாரோ கூடவே எண்ணுகிற முணுமுணுப்புக் கேட்டது. சீதாலட்சுமி, அழகுத்தாய், பேச்சியம்மாள், காளீஸ்வரி. சேர்மக்கனி எழுந்து வந்து டீச்சரின் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள். செவத்தம்மாள். பாண்டியம்மாள், சங்கரேஸ்வரி, வீரலட்சுமி.

நின்றுவிட்டாள். நாக்கு நுனியில் அந்தப் பேர் நிற்கிறது என்று நேற்று முதல் நினைத்துக்கொண்டிருந்தாளே, நாக்கு நுனியில் ஒன்றும் இல்லை. அது மறந்துபோன பேர் இல்லை. பதிவேட்டில் கூப்பிட வேண்டி வராததால் நாலு மாசமாகக் கேட்கவே இல்லாத பேர்.

"பதினாறுதான் வந்திருக்கு" என்றார் டீச்சர்.

"ஒரு பிள்ள இருக்கு டீச்சர். வாசப்படிகிட்ட உக்காரும். பேரு..." தன் குச்சிகளில் ஒன்றைத் தட்டில் போடவில்லை என்று ஞாபகம் வந்தது. அவசரமாகப் போட்டாள். "பேரு நான் கேக்கல. இன்னைக்குக் கேக்கணும்."

டீச்சர் அவளைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் மாரித்தாயின் பேர்மேல் கோடு போடுவதற்கு முன் பார்த்த அதே பார்வை, எண்ணிப் பார்க்கிற பார்வை. பிறகு குனிந்து, வீரலட்சுமிக்குக் கீழே, பதினேழு என்று எண் போட்டார். பேர் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டார். அதற்கு நேராக, இன்றைய தேதிக் கட்டத்தையும் வெறுமையாக விட்டு, பதிவேட்டை மூடி, நீலப் பேனாவை அதன்மேல் வைத்துக் குருவம்மாளிடம் கொடுத்தார்.